அடைபடாத கடன்

ஒருவர் இளமையில் இழைத்த தீங்கைப் பிற்காலத்து நற்செயல்கள் ஈடுசெய்யுமா என்ற கேள்விக்கு, அமெரிக்க வழக்கறிஞரும் அரசியலாளருமான தாடியஸ் ஸ்டீவன்ஸின் (1792–1868) வாழ்க்கை எளிதில் விடை தருவதில்லை. அடிமைமுறையின் கடும் எதிரியாக வரலாற்றில் இடம்பெற்ற அவர், பென்சில்வேனியா மாநிலத்தின் கெட்டிஸ்பர்க் நகரில் தொழில் நடத்திவந்தபோது, 1821இல் தீர்ப்பான வழக்கொன்றில் அடிமையை உடைமையாக வைத்திருந்தவர் பக்கம் நின்று வென்றார். அம்மாநிலம் 1780இல் இயற்றிய படிப்படியான அடிமை ஒழிப்புச் சட்டத்தின்படி, வெளி மாநிலத்தார் உடன் அழைத்துவரும் அடிமை அங்கே ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருக்கப்பட்டால் விடுதலைக்கு உரியவராவார். மேரிலாந்திலிருந்து அழைத்துவரப்பட்ட சாரிட்டி பட்லர் என்ற பெண், பலமுறை தங்கிய நாள்களைச் சேர்த்து எண்ணினால் அந்த வரம்பு கடந்துவிட்டது என்று கூறி விடுதலை கோரினார். ஆறு மாதமும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்ற ஸ்டீவன்ஸின் வாதத்தை மாநில உச்ச நீதிமன்றம் ஏற்றது. கட்சிக்காரருக்காக வாதாடுவது தொழில்தர்மம் என்று சமாதானம் சொல்லலாம்; எனினும் யாருடைய வழக்கை எடுப்பது என்பது வழக்கறிஞரின் விருப்பத்தில் இருந்ததால், அந்தச் சமாதானம் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது.

பிற்காலத்தில் அவர் தப்பிவந்த அடிமைகளுக்காக வாதாடினார். வாக்குரிமையை வெள்ளையருக்கே ஒதுக்கிய மாநில அரசமைப்பில் 1838இல் கையொப்பமிட மறுத்தார். அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் அவையில், நாட்டின் அரசமைப்பில் அடிமைமுறையை ஒழித்த 13ஆம் திருத்தத்துக்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பை உறுதிசெய்த 14ஆம் திருத்தத்துக்கும் முன்னின்று உழைத்தார். இறந்தபின்பும், எல்லா இனத்தாரையும் ஏற்ற லங்காஸ்டர் நகரக் கல்லறைத் தோட்டமொன்றிலேயே, அவர் விரும்பியபடி, அடக்கம் செய்யப்பட்டார்.

பழைய வழக்கின் உறுத்தலே இவ்வளவையும் செய்வித்தது என்று எழுதினால் கதை அழகாக முடியும். ஆனால் அது சான்றின்றி மனத்துக்குள் புகுந்து பார்க்கும் வேலை. உறுத்தல் இருந்ததாகவே வைத்துக்கொண்டாலும், தீங்குக்கு ஆளானவர் ஒருவராகவும் நன்மை பெற்றவர்கள் வேறு பலராகவும் இருக்கையில், ஒருவர் கணக்கில் வைத்த கடனை மற்றவர் கணக்கில் வரவு வைத்துத் தீர்க்க முடியாது. ஈடு இல்லை என்று தெரிந்தும் அடுத்தவருக்காவது அத்தகைய தீங்கு நேராமல் தடுக்கப் பாடுபடுவது நல்ல வாழ்வுதான். அதற்குப் பரிகாரம் என்று பெயரிடுவதுதான் மிகை. 13ஆம் திருத்தம் 1865 டிசம்பரில் மாநிலங்களின் ஏற்பைப் பெற்றபோது, சாரிட்டி பட்லர் வழக்கில் தோற்று 44 ஆண்டுகள் ஆகியிருந்தன.