249 கிராம்

சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டுக் கடைக்குத் திரும்பினோம். கல்லாவுக்குப் பக்கத்தில், மிளகும் சீரகமும் நிறுக்கும் தராசின் தட்டில், பெரிய தும்பி போன்ற ஒரு சாமான் நான்கு கைகளையும் விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ட்ரோன் என்று சொல்கிறார்களே, அந்த ஆளில்லாச் சிறு விமானம். பதினைந்து வயதாகும் நம் இளைய மகன், இரண்டு பெருநாளிலும் கிடைத்த காசைச் சேர்த்து வைத்து, கூடப் படிக்கும் பையனின் அண்ணனிடமிருந்து அதைப் பழைய சாமானாக வாங்கி வந்திருந்தான்.

தராசு 250 என்று காட்டியது. "கடைத் தராசு ஐந்து ஐந்து கிராமாகத்தானே ஏறும் அத்தா, இதனுடைய சரியான எடை 249" என்றான். அந்த ஒரு கிராமில் பையனுக்கு என்ன அத்தனை அக்கறை என்று அப்போது நமக்கு விளங்கவில்லை. விளங்கிய பிறகு மனத்தில் எழுந்த கேள்வியைத்தான் வியாபாரிகளாகிய நம் சகோதரர்கள் முன் வைக்கிறோம். ட்ரோனைக் கண்ணாலும் பார்த்திராதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். விஷயம் தராசைப் பற்றியது. தராசு நம் எல்லாருடைய கடையிலும் இருக்கிறது.

முதலில் சட்டம் இன்னதென்று சொல்லிவிடுவோம். நம் சிங்கையில் 2020 ஜனவரி 2 ஆம் நாள் தொடங்கிய முறைப்படி, மொத்த எடை 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனை சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தில் ரிஜிஸ்தர் செய்தாக வேண்டும். ரிஜிஸ்தர் செய்பவருக்கு 16 வயது ஆகியிருக்க வேண்டும். எண் போட்ட ஒட்டுச்சீட்டு ஒன்றை வாங்கிச் சாமானின் மேல் ஒட்ட வேண்டும்; கட்டணம் 15 வெள்ளி என்று தொடங்கினார்கள். இதைச் செய்யாமல் பறக்கவிட்டால் 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. 2021 பிப்ரவரி 1 முதல், பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடுகிறவரும் எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டினால் அடிப்படைப் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஏழு கிலோவைத் தாண்டினால் லைசென்சே வேண்டும். 2025 டிசம்பர் 1 முதல் இன்னுமொன்று சேர்ந்தது: 250 கிராமுக்கு மேற்பட்டது எதுவாயினும், வெளியில் பறக்கையில் தான் யார் என்பதை வானலையில் அறிவித்துக்கொண்டே பறக்க வேண்டும். அதற்கென்று ஒரு சிறு கருவி உண்டு.

பிள்ளைகள் விளையாடும் சாமானுக்கு இவ்வளவு கெடுபிடியா என்று கேட்கலாம். 2018 டிசம்பரில் லண்டனின் காட்விக் விமான நிலையத்தருகே ட்ரோன் தென்பட்டதாக வந்த தகவலால் சுமார் 1,000 விமானங்கள் ரத்தாயின அல்லது வேறிடம் திருப்பப்பட்டன. 140,000 பயணிகள் அல்லல்பட்டார்கள். 2019 ஜூன் 18 இரவும் மறுநாள் அதிகாலையும் நம் சாங்கியிலேயே ட்ரோன்களால் ஓர் ஓடுபாதையை விட்டுவிட்டு மூடவேண்டி வந்து 37 விமானங்கள் தாமதமாயின. ஊரிலிருந்து வருகிறவரை அழைத்துவரப் போய் விமான நிலையத்தில் காத்துக் கிடந்தவர்க்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இனி நம் கடைக்கு வருவோம். பையன் ஒரு பையிலிருந்து வளையம் வளையமாக எதையோ எடுத்து அந்தச் சாமானின் கைகளில் மாட்டினான். சுழலும் இறக்கைகள் யார் மேலும் பட்டு வெட்டிவிடாதபடி தடுக்கும் வேலியாம் அது. நல்ல ஏற்பாடு என்றோம். தராசு 290 காட்டியது. உடனே கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டான்.

"ஏன் கழற்றிவிட்டாய்?"

"மாட்டினால் ரிஜிஸ்தர் செய்யணும் அத்தா. எனக்கு இன்னும் வயது வரவில்லை. கழற்றிவிட்டால் ஒன்றுமே வேண்டாம்."

"யார் மேலாவது பட்டால்?"

கொஞ்சம் யோசித்தான். "அப்படியானால் மாட்டிக்கொண்டே பறக்கிறேன். வானத்தில் போய் யார் தராசு வைத்து நிறுக்கப்போகிறார்கள்?"

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டோம். தராசை நம்பிப் பிழைக்கிறவனின் பிள்ளை கேட்கும் கேள்வியா இது என்று கோபமும் வந்தது. ஆயினும் அவனை மட்டும் குறை சொல்லி என்ன? சாமான் செய்கிறவனே அந்த ஒரு கிராமை எண்ணித்தான் செய்கிறான். டி.ஜே.ஐ. என்னும் சீனக் கம்பெனி 2019 இல் வெளியிட்ட மாவிக் மினி என்னும் ட்ரோனின் எடை 249 கிராம். அதையே ஜப்பானில் 199 கிராமாக விற்றார்கள். ஏனெனில் அந்நாட்டில் அப்போது கோடு 200 கிராமில் இருந்தது. எடையைக் குறைக்கச் சிறிய பேட்டரியைப் போட்டார்கள். மற்ற நாடுகளில் 30 நிமிஷம் பறந்தது ஜப்பானில் 18 நிமிஷம்தான் பறந்தது. பிறகு 2022 ஜூனில் ஜப்பான் கோட்டை 100 கிராமுக்கு இறக்கிவிட்டது. பிரிட்டனிலும் 2026 ஜனவரி 1 முதல், 100 கிராம் எடையுள்ளதைப் பறக்கவிடவும் பரீட்சை எழுதிப் பறப்போர் எண் பெற்றாக வேண்டும். பத்து வெள்ளிச் சாமானுக்கு 9 வெள்ளி 90 காசு என்று அட்டை எழுதி வைக்கும் நமக்கு இந்தத் தந்திரம் புதிதன்று.

மதரஸாவில் ஓதிய நாளில் நம் உஸ்தாது ஜகாத்துப் பாடத்தின்போது ஒரு மனிதனைப் பற்றிச் சொல்வார். அவனிடம் நிஸாப் அளவுக்குப் பொருள் இருக்கிறது. வருஷம் பூர்த்தியாக இரண்டு நாள் இருக்கையில், அதில் ஒரு பகுதியை மனைவிக்கு ஹிபாவாகக் கொடுத்துவிடுகிறான். நிஸாப் குறைந்தது, ஜகாத் இல்லை. புது வருஷம் பிறந்ததும் அந்த அம்மாள் அதை அவனுக்கே திருப்பிக் கொடுக்கிறாள். இதற்கு ஹீலா என்று பெயர். மாலிக் இமாமும் அஹ்மத் இமாமும், தப்பிக்கும் எண்ணத்தோடு இப்படிச் செய்தவனை விட்டு ஜகாத் நீங்காது என்றார்கள். நம்மில் பலர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் கடமை நீங்கும், ஆனால் செயல் மக்ரூஹ். புகாரி இமாம் தம் ஹதீஸ் தொகுப்பில் ஹீலாக்களுக்கென்றே ஒரு தனிப்பகுதி வைத்திருக்கிறார்கள். பதினோரு வயதில் இதைக் கேட்டு வகுப்பே சிரித்தது. கல்லாவில் உட்கார்ந்த பிறகு நமக்கு அந்தச் சிரிப்பு வருவதில்லை.

ஏன் வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். இந்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 10 லட்சம் வெள்ளியைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. வரிக்குப் பதிந்துகொள்ள வேண்டும் என்பது வாசகர்கள் அறிந்ததே. சில ஆண்டுகளுக்கு முன் நம் கடை அந்தக் கோட்டை நெருங்கியது. மசாலா அரைத்து விற்கும் பகுதியை மச்சான் பெயருக்கு மாற்றிவிட்டால் இரண்டு சிறு கடையாகிவிடும், தொல்லை இல்லை என்று ஒருவர் யோசனை சொன்னார். அதே கடை, அதே கல்லா, அதே வேலையாள். பெயர் மட்டும் இரண்டு. வரி இலாகா இதை ஒப்புக்கொள்ளாது என்பது நமக்குத் தெரியும். தெரிந்தும் மூன்று இரவு புரண்டு படுத்தோம், நான்காம் நாள் மச்சானிடம் கேட்டும் விட்டோம். அவர் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "கணக்கு உம்முடையது, பெயர் என்னுடையதா? நாளைக்கு மறுமையில் இது யாருடைய கணக்கு என்று கேட்டால் நான் என்ன சொல்வது மச்சான்?" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது. நம்மைத் தடுத்தது நம் நேர்மையன்று, மச்சானின் பயம். மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஆகவே பையனிடம் உபதேசம் செய்ய வாய் எழவில்லை. பக்கத்துக் கடை ஹாஜியாரிடம் விஷயத்தைச் சொன்னோம். நம்மைவிட ஓதியவர். அவர் பையன் பக்கம் பேசினார். "சட்டம் 250 என்று கோடு போட்டது. கோட்டுக்கு உள்ளே நிற்கிறவனைப் பிடித்துக் குற்றவாளி என்கிறீரே! தடுக்கப்படாதது எல்லாம் ஆகுமானது என்பதுதானே அடிப்படை?" என்றார். அது சரியான பேச்சு. பணம் இல்லாததால் நிஸாபுக்குக் கீழே இருப்பவன் ஹீலா செய்தவனாக மாட்டான். சின்னக் கடை வைத்திருப்பவன் வரி ஏய்ப்பவனாக மாட்டான். எடை குறைந்த ட்ரோன் வேண்டுமென்று வாங்குகிறவனும் அப்படியே. கனம் குறைந்தது தலையில் விழுந்தால் காயமும் குறைவு. அந்த 250 என்ற எண்ணே ஒரு தலைக்கணக்கிலிருந்து வந்ததுதான்: 2015 இல் அமெரிக்காவில் கூடிய ஒரு குழு, இத்தனை எடை மேலிருந்து விழுந்தால் கீழே நிற்கும் ஆள் சாக எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் பார்த்தே அந்த எண்ணைப் பரிந்துரைத்தது.

ஹாஜியார் சொன்னதை ஒப்புக்கொண்டு எழுந்து வந்தோம். வரும் வழியில்தான் அந்த வேலி நினைவுக்கு வந்தது. கோடு போட்டது யாருக்காக? கீழே நிற்கிறவன் தலைக்காக. வேலி எதற்காக? அதே மனிதனின் கைக்கும் கண்ணுக்குமாக. இப்போது நம் பையன் வேலியைக் கழற்றிவிட்டு, கோட்டுக்கு உள்ளே வந்துவிட்டேன் என்கிறான். தராசில் நாற்பது கிராம் இறங்கியது. கீழே நிற்கிறவனுக்கு ஆபத்து ஏறியது. சட்டத்தில் ஓர் எழுத்தையும் அவன் மீறவில்லை. ஹாஜியாரின் அடிப்படை இந்த இடத்துக்குப் பொருந்துமா? பொருந்தாது என்றே நமக்குப் படுகிறது. கோடு சொல்வது எந்த இடத்தில் சர்க்காருக்கு நம் பெயர் தேவைப்படுகிறது என்பதை மட்டுந்தான். அடுத்தவனுக்குத் தீங்கு செய்யக்கூடாது என்ற கடமை 250 ஆவது கிராமில் தொடங்குவதன்று. அது ஒரு கிராமிலும் உண்டு.

இன்னொன்றும் உண்டு. அந்தச் சாமானுக்கு ஒரு கண் இருக்கிறது, காமிரா. நாமெல்லாம் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். பத்தாவது மாடியில் துணி காயப்போடும் பெண்பிள்ளை, கீழே கதவைப் பூட்டியிருக்கிறோம் என்ற தைரியத்தில் நிற்கிறாள். பிறர் வீட்டுக்குள் நுழையுமுன் ஸலாம் சொல்லி அனுமதி கேட்கும்படி நம் மார்க்கம் கற்பித்திருப்பதே பார்வையை முன்னிட்டுத்தான் என்று உஸ்தாது சொல்வார். 249 கிராம் கண்ணும் 900 கிராம் கண்ணும் ஒரே மாதிரிதான் பார்க்கின்றன. இதைச் சொன்னபோது மட்டும் பையன் மறுபேச்சுப் பேசாமல் தலை குனிந்துகொண்டான். (அவன் தாயார் அப்போது கடைக்கு வந்திருந்ததும் ஒரு காரணமாயிருக்கலாம்.)

எல்லாவற்றையும் எடைதான் தீர்மானிக்கிறது என்று எண்ணியிருந்தவனுக்கு இன்னோர் ஏமாற்றம் காத்திருந்தது. விமான நிலையத்துக்கும் விமானப்படைத் தளத்துக்கும் ஐந்து கிலோமீட்டருக்குள், அல்லது கடல்மட்டத்துக்கு மேல் 200 அடிக்கு மேலே, அனுமதி பெறாமல் எதையும் பறக்கவிடக் கூடாது. இதில் எடைப் பேச்சே இல்லை. சாங்கி, சிலேத்தார், பாய லேபார், தெங்கா, செம்பவாங் என்று ஒவ்வொன்றையும் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வட்டம் போட்டுப் பாருங்கள். இந்தச் சிறு தீவில் மிச்சம் எவ்வளவு?

கடைசியில் வேலியை மாட்டியே பறப்பது என்று முடிவாயிற்று. அப்படியானால் ரிஜிஸ்தர் வேண்டும், பையனுக்கு வயது இல்லை, யார் பெயரில்? "உங்கள் பெயரில்தான் அத்தா" என்றான். உடனே மச்சானின் முகம் கண்ணெதிரே வந்தது. பறக்கவிடுவது ஒருவன், பெயர் இன்னொருவனுடையதா? அன்று மச்சான் மறுத்ததை இன்று நாம் செய்யலாமா? அன்றிரவும் கொஞ்சம் புரண்டு படுக்கத்தான் செய்தோம். அன்று நாம் மச்சானிடம் கேட்டது மறைந்துகொள்ள ஒரு பெயர். இன்று சர்க்கார் கேட்பது, ஏதாவது நேர்ந்தால் வந்து பதில் சொல்ல ஓர் ஆள். ஒருவனுக்கு ஜாமீன் நிற்கிறவன் பணம் கட்டவேண்டி வரும் என்று தெரிந்தேதான் நிற்கிறான். தகப்பன் பெயர் வேறு எதற்கு இருக்கிறது? ஆனால் ஜாமீன்காரன் கடன்காரனைக் கண்ணில் வைத்துக்கொள்ள வேண்டும். நாம் பக்கத்தில் நிற்காமல் அது தரையை விட்டுக் கிளம்பக்கூடாது என்று நிபந்தனை போட்டோம். ஞாயிற்றுக்கிழமை காலைத் தூக்கம் அத்தோடு போயிற்று.

சிங்பாஸ் வழியாகப் பெயர் பதிந்து, சீட்டு வாங்கி ஒட்டி, அடையாளம் அறிவிக்கும் கருவியையும் பொருத்தியாயிற்று. போன வாரம் கடை சாத்தும் நேரத்தில் பையன் அதை மறுபடியும் தராசில் வைத்தான். 315 காட்டியது.

"இனிமேல் எவ்வளவு ஏறினாலும் கவலையில்லை அத்தா" என்றான்.

ஒன்றரைக் கிலோ வரைக்கும்தான் என்றோம்.