கணக்குக்கு உரியவர் யார்?

போடிநாயக்கனூர் ஏலக்காய் வாணிபம் நம்பிக்கையின்மீது நிற்பது. மலைச்சரிவில் சிறுதோட்டம் வைத்திருப்பவர் காயை வியாபாரியிடம் ஒப்படைக்கிறார். எடை குறிக்கப்படுகிறது, வாங்கிய முன்பணம் கழிக்கப்படுகிறது, பாக்கி பின்னொரு நாள் தீர்க்கப்படுகிறது. முன்னர் இவை யாவும் பேரேட்டில் இருந்தன. இன்று போடியில் ஏலமே கணிப்பொறித் திரையில் நடைபெறுகின்றது; கடைகளின் கணக்கும் கணிப்பொறிக்குள் புகுந்துவிட்டது. பேரேடு இருந்த இடத்தில் இப்போது உள்ளங்கையளவான ஹார்ட் டிஸ்க் இருக்கிறது.

மழைக்காலத்து இடியிலோ, மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்திலோ, வெறும் முதுமையினாலோ அந்த டிஸ்க் ஒருநாள் நின்றுவிடுகிறது. கணக்கை மீட்டுத் தர நிபுணர் கேட்கும் தொகை புதிய கணிப்பொறியின் விலையையும் மிஞ்சக்கூடும். "சில ஆயிரம் ரூபாய்ப் பொருளுக்கு இவ்வளவு கூலியா?" என்று உரிமையாளர் சினங்கொள்கிறார். அக்கேள்வியின் நியாயத்தை நாம் சற்று ஆராய்வோம்.

டிஸ்க்கினுள் பளபளக்கும் தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. எழுத்தைப் படிக்கும் முனை, தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான உயரத்தில் தட்டின்மேல் மிதக்கிறது. அவ்விடைவெளியில் ஒரு தூசும் பாறையே. ஆகவே தூசு வடிகட்டிய அறையிலேயே அதனைத் திறக்க வேண்டும். பழுதான முனைக்கு மாற்றாக, அதே வகையான மற்றொரு டிஸ்க்கைத் தேடி வாங்கி, அதன் முனையைக் கழற்றிப் பொருத்த வேண்டும். பின்னர் பகுதி பகுதியாகப் படித்துப் படியெடுக்க வேண்டும். இதற்குப் பல நாட்களும் ஆகலாம். நாம் கொடுக்கும் கூலி இப்பயிற்சிக்கும் கருவிக்கும் பொறுமைக்கும் உரியது. தவறி அழித்த கோப்பை மீட்பதற்குச் செலவு குறைவு. முனை பழுதானால் செலவு பன்மடங்கு. தட்டே சுரண்டப்பட்டுவிட்டாலோ எவ்வளவு கொடுத்தாலும் எழுத்து திரும்பாது. நிறம் வெளுத்த ஏலக்காய்க்கு அதன் இயற்கைப் பச்சையை மீண்டும் தர எவராலும் இயலாதல்லவா?

2003 பிப்ரவரி 1-ஆம் நாள் கொலம்பியா விண்ணோடம் வானில் சிதைந்தது. கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவர் மாண்டனர். சிதைவுகளிடையே கருகிக் கிடந்த டிஸ்க் ஒன்றிலிருந்து, செனான் வாயுவைப் பற்றிய ஆய்வுக் குறிப்புகளில் ஏறத்தாழ 99 விழுக்காடு மீட்கப்பட்டது. அதன் முடிவுகள் 2008-இல் வெளியாயின. மேலுறை வெந்தும், எழுத்துப் பதிந்த தட்டுகள் கெடாதிருந்தமையே காரணம். விண்ணிலிருந்து வீழ்ந்தது பிழைத்தது. மேசைமேல் இருக்கும் டிஸ்க்கோ, "டிக், டிக்" என ஒலித்த பின்னும் திரும்பத் திரும்ப மின்சாரம் செலுத்துவதால் அழிந்துபோகிறது. ஒலி மாறியவுடன் நிறுத்திவிடுவதே செலவில்லாத முதல் மருத்துவம்.

இனி, அறத்தின் கேள்விக்கு வருவோம். மீட்பது தகுமா, தகாதா என்று தீர்மானிப்பவர் யார்? டிஸ்க்கை வாங்கியவர்தாம் என்று எளிதாகக் கூறிவிடலாம். தம் குடும்பத்துப் புகைப்படங்களாயின் அவர் விருப்பம். ஆனால் அதனுள் மலைமேல் இருப்பவரின் எடைக்கணக்கு இருக்கிறது. தொழிலாளியின் வேலைநாட் கணக்கு இருக்கிறது. டிஸ்க் கடைக்காரருக்குச் சொந்தம், கணக்கு அமானிதம். பிறர் பொருளைக் காப்பவர், "மீட்கச் செலவு அதிகம், போனது போகட்டும்" என்று தாமே தீர்ப்பெழுத இயலாது. அவ்வாறு எழுதினால், தம் செலவைப் பிறர் தலையில் ஏற்றியவராகிறார்.

செலவு தாங்க முடியாததாயின் என்செய்வது? உரியவர்களை அழைத்து நடந்ததை மறைக்காமல் கூற வேண்டும். அவர்களிடமுள்ள சீட்டுகளையும் நினைவையும் கொண்டு கணக்கை மீண்டும் எழுத வேண்டும். ஐயம் எழுமிடத்தில், அதன் பயன் கணக்கைத் தொலைத்தவருக்கன்றி, கணக்கை நம்பி ஒப்படைத்தவருக்கே சேர வேண்டும். நிபுணருக்கும் கடமையுண்டு. சோதித்த பின் தொகையை எழுத்தில் தருதல், மீளாவிடில் என்ன கூலி என்பதை முன்னரே உரைத்தல், கண்ணிற்பட்ட பிறர் இரகசியத்தைக் காத்தல் ஆகியவை அவர் அறம். பதறி நிற்பவரின் பதற்றத்துக்கு விலை வைத்தல் வாணிபமாகாது.

கடனை எழுதி வைக்கவும், சாட்சிகளை நிறுத்தவும் பணிக்கப்பட்ட சமுதாயம் நாம். ஒரு சாட்சி தவறினால் மற்றொன்று நினைவூட்டும் என்பதன் நுட்பத்தை நாம் அறிவோம். கணிப்பொறிக் கணக்குக்கு இரண்டாம் சாட்சி அதன் படி. வாரந்தோறும் வேறொரு டிஸ்க்கில் படியெடுத்து, வேறொரு கூரையின்கீழ் வைப்போம். ஏலக்காய்ப் பருவம் தொடங்குமுன் அப்படி திறக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்வோம். அதற்காகும் சிறுசெலவு, நம்மை நம்பிக் காயை மலையிறக்கி அனுப்பியவருக்கு நாம் செலுத்த வேண்டிய கடனில் ஒரு பகுதியே ஆகும்.