யாருக்காகக் கொடுக்கிறோம்?

தீபாவளித் திருநாள் நெருங்கும்போது நம் இல்லங்களில் இரண்டு எண்ணங்கள் எழுகின்றன. வர்த்தமான மகாவீரர் வீடுபேறு எய்திய நாளை விளக்கேற்றிப் போற்ற வேண்டும் என்பது ஒன்று. உற்றார் வீட்டுக் குழந்தைகளுக்கு என்ன வாங்கிச் செல்வது என்பது மற்றொன்று. முன்னதைப் பற்றிப் பெரியோர் நிறையச் சொல்லியிருக்கிறார்கள். பின்னதைச் சிறு செய்தி என்று நாம் விட்டுவிடுகிறோம். அச்சிறு செய்திக்குள்ளும் ஓர் அறக்கேள்வி அடங்கியிருப்பதைச் சில ஆண்டுகளுக்கு முன்பு திருப்பாச்சூரில் ஓர் உறவினர் இல்லத்தில் நாம் உணர்ந்தோம்.

அவ்வீட்டுத் தலைவர் காக்களூர்த் தொழிற்பேட்டையில் ஷிப்டு முறையில் பணிபுரிபவர். மகனுக்கு அப்போது ஐந்து வயது. அவன் ஆட்டிசம் உடைய குழந்தை என்பதை அறிந்தே சென்றோம். அறிந்திருந்தும், திருவள்ளூர்க் கடைத்தெருவில் பரிசு வாங்கியபோது விலையைப் பார்த்தோம்; பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த வயதைப் பார்த்தோம்; அக்குழந்தையை நினைத்துப் பார்க்கவில்லை. பேட்டரியில் ஓடும் போலீஸ் கார் ஒன்றை வாங்கினோம். வீட்டில் அதைத் தரையில் வைத்து முடுக்கியதுதான் தாமதம். சிவப்பும் நீலமுமாக விளக்குகள் மின்ன, சைரன் அலறியது. குழந்தை இரு காதுகளையும் பொத்திக்கொண்டு அலறியபடி கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டான். தாயார் ஓடிவந்து காரை நிறுத்திப் பேட்டரியைக் கழற்றினார். “தப்பா எடுத்துக்காதீங்க மாமா” என்று நம்மிடம் மன்னிப்பு வேறு கேட்டார்.

அவ்வேளையில் நம் உள்ளத்தில் எழுந்த எண்ணத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். குழந்தை துன்புற்றதே என்று நாம் முதலில் வருந்தவில்லை. ஆசையாக வாங்கிச் சென்ற பொருள் மதிக்கப்படவில்லையே என்றுதான் வருந்தினோம். வீடு திரும்பும் வழியெல்லாம் ஒரு கேள்வி நம்மைத் தொடர்ந்தது. அந்தக் காரை நாம் யாருக்காக வாங்கினோம்?

தனக்கும் பிறர்க்கும் நன்மை விளையத் தன் பொருளை விட்டுக்கொடுப்பதே தானம் என்று தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் வரையறுக்கிறது. கொடுக்கும் முறை, கொடுக்கும் பொருள், கொடுப்பவர், பெறுபவர் ஆகிய நான்கினாலும் தானத்தின் சிறப்பு வேறுபடும் என்றும் அது கூறுகிறது. முனிவர்களுக்கு ஆகாரம் அளிக்கும் இல்லறத்தார் எத்துணைக் கவனம் கொள்கிறார்கள்! நமக்குப் பிடித்த பண்டம் என்பதற்காக எதையும் படைப்பதில்லை. அவர் ஏற்கத்தக்கதா, ஏற்கும் வேளையா, அவர் மேற்கொண்ட நியமத்திற்கு ஒத்ததா என்று ஆராய்ந்தே அளிக்கிறோம். ஏற்காமல் திரும்பினாலும் அவர்மீது குறை காண்பதில்லை. நம்மிடம் என்ன குறை என்று தேடுகிறோம். பாத்திரம் அறிந்து கொடுக்கும் அக்கவனத்தில் ஒரு சிறு பங்கையேனும் ஒரு குழந்தையின் முன் நாம் ஏன் மறந்துவிடுகிறோம்?

ஆட்டிசம் என்பது தொற்றுநோய் அன்று. மூளை வளர்ச்சியில் அமையும் ஒரு வேறுபாடு. 1943-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகர மருத்துவர் லியோ கானர், 11 குழந்தைகளைக் கண்டு எழுதிய கட்டுரை இதை மருத்துவ உலகின் கவனத்திற்குக் கொண்டுவந்தது. தாயின் அன்புக் குறைவே காரணம் என்று பின்னர்ச் சிலர் பரப்பிய கருத்து தவறு என்பது தெளிவாகிவிட்டது. நம் நாட்டில் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டமும், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் ஆட்டிசத்தைப் பெயர் சுட்டி ஏற்றுள்ளன. ஆயினும் நம்மிடையே இன்னும் சிலர், ‘முன்வினைப் பயன்’ என்று பெற்றோரின் காதுபடக் கூறுகிறார்கள். வினைக்கொள்கை நம் செயலை நாம் திருத்திக்கொள்வதற்காகச் சொல்லப்பட்டது. பிறர் புண்ணில் வேல் பாய்ச்சுவதற்காக அன்று. அச்சொல்லால் நமக்கு விளையும் வினையை யார் கழிப்பது?

‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்று இவர்களைக் குறிக்கும் வழக்கு தமிழில் உண்டு. அப்பெயர் நம்மைத் தவறான வழியில் செலுத்துகிறது. இக்குழந்தைகள் பலருக்குப் புற உலகம் எட்டாமல் இல்லை. அளவுக்கு மிஞ்சி வந்து தாக்குகிறது. நமக்குச் சாதாரணமான ஒலி அவர்களுக்குப் பேரிடி. புதுச் சட்டையின் கழுத்துப்பட்டைச் சீட்டு முள்ளாய்க் குத்துகிறது. ஊதுவத்தி மணம் தலையைச் சுற்ற வைக்கிறது. வேறு சில குழந்தைகளோ இதற்கு மாறாக, அழுத்தமான தொடுதலையும் ஊஞ்சலாட்டத்தையும் விரும்பித் தேடுவார்கள். ஆகவே இன்ன பரிசுதான் நல்லது என்று பொதுவாக ஒரு பட்டியல் தருவது இயலாது. ஒவ்வொரு குழந்தையும் தனித்தனி.

எனவே முதற்கடமை, பெற்றோரைக் கேட்பது. “அவனுக்கு எது பிடிக்கும்? எது ஆகாது?” என்னும் இரண்டு கேள்விகள் போதும். துணி எடுப்பதானால் அவன் ஏற்கெனவே விரும்பி அணியும் வகையிலேயே மென்மையான பருத்தித் துணி எடுத்து, ஒருமுறை துவைத்துக் கொடுக்கலாம். ஒரே பொம்மையை விடாமல் வைத்திருக்கும் குழந்தைக்கு, அதே போன்ற இன்னொன்று பெரும்பேறு. பழையது உடையும் நாளில் அதன் அருமை தெரியும். பொருள்களை வாயில் வைக்கும் வழக்கம் இருந்தால், பெட்டியில் எழுதிய வயதை நம்பாமல், சிறு உதிரிகள், காந்தத் துண்டுகள், பொத்தான் பேட்டரிகள் உள்ளவற்றைத் தவிர்க்க வேண்டும். 2021-ஆம் ஆண்டு முதல் விளையாட்டுப் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் ஆக்கப்பட்டிருப்பதையும் கவனிக்க வேண்டும். திடீர் மகிழ்ச்சி இவர்களுக்குத் திடீர்க் கலக்கமாகலாம். என்ன வரப்போகிறது என்பதைத் தாய் வழியாக முன்னரே சொல்லிவைப்பது நன்று. கொடுத்தபின் “நன்றி சொல்லு”, “முத்தம் கொடு”, “போட்டோவுக்குச் சிரி” என்று வற்புறுத்தலாகாது. அன்பளிப்புக்குக் கூலி கேட்பது போன்றது அது.

‘பிடித்ததையே கொடுத்தால் அவன் மாறுவது எப்போது? அறிவை வளர்க்கும் பொருளாகக் கொடுக்கலாகாதா?’ என்று சிலர் கேட்கலாம். நல்லெண்ணத்தில் எழும் கேள்விதான். ஆனால் அக்குழந்தைக்கு ஆண்டெல்லாம் பயிற்சியே வாழ்வாக இருக்கிறது. பண்டிகை நாளில் கொண்டுபோகும் பரிசும், ‘நீ இருக்கும் நிலை போதாது’ என்று சொல்லத்தான் வேண்டுமா? விருப்பத்தின் வாயிலாகவே எந்தக் குழந்தையும் கற்கிறது. பந்தை உருட்டாமல் சுழற்றும் பிள்ளையோடு அமர்ந்து நாமும் ஒருமுறை சுழற்றினால், அங்கே ஓர் உறவு தொடங்குகிறது. ஒரு பொருளுக்குப் பல தன்மைகள் உண்டு என்பது அநேகாந்தம். கார் என்பது ஓடுவதற்கே என்று நாம் பிடிவாதம் பிடிக்கிறோம். சுழலும் சக்கரத்தின் அழகை அவன் காண்கிறான். அவன் கண்டதும் அக்காரின் ஒரு தன்மையே அல்லவா? அதேபோழ்து, அழாமல் இருந்தால் போதும் என்று கைப்பேசியைக் கையில் திணிப்பதையும் பரிசு என்று கொள்ள இயலாது. அதனால் அமைதி அடைவது பெரும்பாலும் நாமே.

அன்று திருப்பாச்சூரில் கட்டிலடியிலிருந்து வெளிவந்த அக்குழந்தை, திண்ணையில் அடுக்கியிருந்த அகல் விளக்குகளை எடுத்துப் பெரிதும் சிறிதுமாக ஒரே கோட்டில் வரிசைப்படுத்தத் தொடங்கியிருந்தான். அவனுடைய பாட்டியார் அவ்வரிசையைக் கலைக்காமல், மாலையில் அப்படியே எண்ணெய் வார்த்து ஏற்றினார். அதை நாம் மறக்கவில்லை. மறு ஆண்டு தாயாரிடம் முன்பே சொல்லிவிட்டு, குயவரிடம் வாங்கிய பன்னிரண்டு அகல்களைத் தாள் சுற்றாமல் ஒரு கூடையில் கொண்டுசென்றோம். அவன் நம்மை நிமிர்ந்து பார்க்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. கூடையை வாங்கிக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டான். நாமும் பேசாமல் அருகில் அமர்ந்திருந்தோம். சற்று நேரத்தில் ஓர் அகலை எடுத்து நம் கையில் வைத்து, நம் கையையே பிடித்துத் தான் விரும்பிய இடத்தில் அதை வைக்கச் செய்தான். அன்று பரிசு பெற்றது யார் என்பதை வாசகர்களே சொல்லட்டும்.

நம் சமயம் கூறும் நால்வகைத் தானங்களுள் ஒன்று அபயதானம். அச்சத்தினின்று உயிர்களைக் காத்தல். தமிழகத்தில் 2018-ஆம் ஆண்டு முதல் தீபாவளியன்று பட்டாசு வெடிக்கக் காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி என்று நேரம் வரையறுக்கப்பட்டுள்ளது. அவ்விரண்டு மணி நேரமும் காதைப் பொத்திக்கொண்டு அறைக்குள் நடுங்கும் ஒரு குழந்தை நம் தெருவிலும் இருக்கலாம். சிற்றுயிர்களுக்கும் இன்னா செய்யாமை நோற்கும் நாம், அவ்வீட்டின் அருகிலேனும் வெடிக்காமல் இருக்கலாம். சத்தமில்லாத ஒரு மாலைப்பொழுதுக்குக் கடையில் விலையில்லை. அதை நம்மால் கொடுக்க முடியும்.