பழைய உடலும் புதிய இதயமும்

முன்னோர் நமக்கு விட்டுச் சென்ற ஒன்றை அப்படியே காப்பதா, காலத்திற்கேற்ப மாற்றிக்கொள்வதா என்பது எந்தத் தலைமுறையும் தப்ப இயலாத வினா. வீடு, நிலம், மொழி, சடங்கு என எதைத் தொட்டாலும் இவ்வினா தலைநீட்டுகிறது. ஆனால் பெரிய பொருள்களைப் பற்றி இதனை எழுப்பும்போது நம் உணர்ச்சிகள் முந்திக்கொள்கின்றன, சிந்தனை பின்தங்கிவிடுகிறது. ஆகவே, எவரும் சினங்கொள்ளத் தேவையில்லாத ஒரு சிறு பொருளை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்ந்து பார்ப்போம். அப்பொருள் பழைய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார்.

குறிஞ்சிப்பாடிப் பகுதியில் வாழும் நமக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் என்ன உறவு என்று வாசகர் வினவக்கூடும். நெய்வேலிச் சுரங்கங்களையும் அனல்மின் நிலையங்களையும் அண்டி வாழும் மக்கள் நாம். பொறியும் பழுதும், ஸ்பேனரும் கிரீசும் நம்மில் பலர் வீடுகளில் அன்றாடப் பேச்சு. 1962-இல் மின்னுற்பத்தியைத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 2020-இல் நிறுத்தப்பட்டதைக் கண்டவர்கள் நாம். ஓர் இயந்திரத்தை எதுவரை பழுது பார்ப்பது, எதை மாற்றுவது, எப்போது விடைகொடுப்பது என்னும் வினா நமக்குப் புதிதன்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த ஆண்டுகளில் இங்கிலாந்தின் எம்.ஜி., டிரையம்ப், ஆஸ்டின் ஹீலி, ஜாகுவார் முதலிய நிறுவனங்கள் இருவர் மட்டுமே அமரத்தக்க சிறிய திறந்த கார்களைச் செய்தன. சுமை ஏற்றவோ குடும்பத்தோடு செல்லவோ அவை பயன்படா. ஓட்டும் மகிழ்ச்சிக்காகவே பிறந்தவை. அவற்றுள் பெயர் பெற்றது எம்.ஜி.பி. 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் என்னும் சிற்றூரின் தொழிற்சாலையில் ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்ட வண்டிகள் உருவாயின. அத்தொழிற்சாலை மூடப்பட்ட பின்னரும் அவ்வண்டிகள் சாகவில்லை. உலகெங்கும் அவற்றைக் கண்ணெனக் காப்போர் இருக்கின்றனர். காப்போருக்குள்தான் சண்டையும் இருக்கிறது.

ஒரு சாரார், தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் இருந்தவாறே கார் இருக்க வேண்டும் என்பர். திருகாணியின் தலையும் வயரின் நிறமும்கூட மாறலாகாது. மற்றொரு சாரார் டைனமோவை அகற்றி ஆல்டர்னேட்டர் வைப்பர். பாயிண்டுகளை நீக்கி எலெக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்துவர். நான்கு கியர் பெட்டிக்குப் பதிலாக ஐந்து கியர் பெட்டி இடுவர். துணிந்தவர் எஞ்சினையே மாற்றிவிடுவர். முன்னவர் பின்னவரை மரபைக் கெடுப்போர் என்கின்றனர். பின்னவர் முன்னவரைப் பொம்மைக்குப் பூசை செய்வோர் என்கின்றனர்.

எதுவும் மாறலாகாது என்போரின் பற்றை நாம் இகழ மாட்டோம். ஒரு காலத்துத் தொழிலாளர் எவ்வாறு சிந்தித்தனர், எதை அழகென்று கருதினர், எந்த இடர்ப்பாட்டுக்கு என்ன வழி கண்டனர் என்பதற்கு மாறாத வண்டி ஒரு சான்று. கோவையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையினர் 2015-இல் திறந்த கார் அருங்காட்சியகத்தைக் காண்போர் இதனை உணர்வர். சான்றைத் திருத்துவது வரலாற்றைத் திருத்துவதற்கு ஒப்பானது.

ஆயினும் முற்றிலும் மாறாமை என்பது இயலுமா? பழைய எஞ்சின்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்டவை. அந்த ஈயமே வால்வு இருக்கைகள் தேயாமல் காத்தது. குழந்தைகளின் மூளைக்கு ஊறு செய்யும் நஞ்சு என்பதால் 2000-ஆம் ஆண்டில் இந்தியா முழுவதும் ஈயப் பெட்ரோல் விலக்கப்பட்டது. கடினமான புதிய வால்வு இருக்கைகளைப் பொருத்தாவிடில் அவ்வெஞ்சின் கடும் ஓட்டத்தில் தேயும். இப்போது பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலக்கப்படுகிறது. பழைய ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டரின் சில பாகங்களையும் அது அரிக்கக்கூடும். வண்டியை நாம் மாற்றாவிட்டாலும், அது குடிக்கும் நீர் மாறிவிட்டது. ஓட வேண்டிய வண்டி மாறித்தான் ஆக வேண்டும்.

இன்னும் ஒன்று. அக்காலத்துப் பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அதன் தூசியை மூச்சில் இழுத்த பட்டறைத் தொழிலாளரின் நுரையீரலுக்கு அது கேடு விளைவிப்பது. பழமை மாறலாகாது என்பதற்காக அதே லைனிங்கை இன்று ஒருவர் தேடிப் பொருத்துவாரானால், அவருடைய மரபுப் பற்றின் விலையை இன்னொருவரின் உடல் கொடுக்கிறது. மரபு என்ற பெயரால் எதைக் காக்கிறோம், அதற்கு யார் விலை தருகிறார் என்று கேட்பது நம் கடமை.

சரி, மாற்றுவோர் பக்கம் திரும்புவோம். அங்கும் கேட்க வேண்டியது உண்டு. எம்.ஜி.பி.-யின் எஞ்சின் 1.8 லிட்டர் கொள்ளளவுடையது. கென் காஸ்டெல்லோ என்பவர் அதனை அகற்றிவிட்டு, ரோவர் நிறுவனத்தின் 3.5 லிட்டர் வி-8 எஞ்சினைப் பொருத்தி விற்கத் தொடங்கினார். அலுமினியத்தால் ஆனதால் அப்பெரிய எஞ்சினின் எடை, பழைய இரும்பு எஞ்சினின் எடையை ஒட்டியே இருந்தது. அதைக் கண்ட நிறுவனமே 1973-இல் அத்தகைய காரை வெளியிட்டது. ஆனால் நிறுவனம் எஞ்சினை மட்டும் மாற்றவில்லை. முன்சக்கரங்களுக்குத் தடிமனான பிரேக் தட்டுகளையும் வைத்தது. பழைய உடலில் புதிய இதயம் இட்டவர்கள், அவ்விதயத்தின் வேகத்தை அடக்கும் கையையும் வலிமையாக்கினர்.

இதற்கு நேர்மாறான கதை நம் மாநிலத்திலேயே உண்டு. சென்னையில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் ஹெரால்டு கார்களைச் செய்தது. இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி உடலை வரைந்த அக்காரின் அடிச்சட்டத்தைச் சுருக்கித்தான் டிரையம்ப் நிறுவனம் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தது. நம் தந்தையர் தலைமுறையின் குடும்பக் காருக்கு அது தங்கை. ஹெரால்டில் ஒரு குறை இருந்தது; வளைவில் வேகமாகத் திரும்பினால் பின்சக்கரம் உட்புறம் மடங்க, வண்டி தடுமாறும். ஸ்பிட்ஃபயரில் அக்குறையைக் களைய 1970-இல் பின்புற அமைப்பைத் திருத்தினர். ஸ்டாண்டர்டு நிறுவனமும் ஹெரால்டை ஒட்டி 1972-இல் கொணர்ந்த கெஸல் காரில் பின் அச்சின் அமைப்பை மாற்றியது. அதனால் குடும்பப் பெயர் கெட்டுவிடவில்லை.

அதே நிறுவனம் 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்னும் காரை வெளியிட்டது. இங்கிலாந்தில் 1976-இல் வந்த ரோவர் காரின் உடல் அது. அந்நாளில் எவரும் திரும்பிப் பார்க்கும் அழகு. ஆனால் உள்ளே இருந்ததோ, 1940-களில் உருவான வேன்கார்டு எஞ்சினின் வழிவந்த பழைய எஞ்சின். அவ்வெஞ்சின் இழிந்தது அன்று. அதன் குடும்பமே ஃபெர்குசன் டிராக்டரை இழுத்தது, டிரையம்ப் டி.ஆர்.2 ஸ்போர்ட்ஸ் காரையும் ஓட்டியது. ஆனால் பேருடலுக்கு அது போதவில்லை. எரிபொருளை மிகுதியாகக் குடித்தும் விரைவு குறைந்தும் வாங்கியோரை ஏமாற்றிய அக்கார் 1988-இல் நின்றுபோனது. பழையது என்பதால் அது தோற்கவில்லை. புதிது என்று காட்டிக்கொண்டதால் தோற்றது. வெளித்தோற்றம் அளித்த வாக்கை உள்ளிருந்த பொறி காப்பாற்றவில்லை.

பழைய ஆடையில் புதுத் துணியை ஒட்டுப்போடுவது பற்றி நற்செய்தியில் வரும் உவமையை நாம் அறிவோம். நெசவாளர் நிறைந்த குறிஞ்சிப்பாடியில் அதை விளக்கவும் வேண்டுமோ? புதுத் துணி கெட்டதன்று. பழைய ஆடையும் கெட்டதன்று. ஒன்றன் இழுப்பை மற்றொன்று தாங்குமா என்று பாராமல் சேர்த்ததே பிழை.

தேர்ந்த மெக்கானிக்குகளிடம் இதற்கு ஒரு முறை உண்டு. வண்டியின் வேகத்தைக் கூட்டக் கேட்பவருக்கு அவர்கள் முதலில் பிரேக்கைச் சீர்செய்து தருவர். பிறகு டயரையும் ஸ்பிரிங்குகளையும் பார்ப்பர். எஞ்சினைக் கடைசியில்தான் தொடுவர். இதில் இயற்பியல் அடங்கியுள்ளது. வேகம் இருமடங்கானால், வண்டியை நிறுத்தப் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திற்குப் போதுமான டிரம் பிரேக், 120 கிலோமீட்டரில் சூடேறிப் பிடிமானம் இழக்கும். ஆகவே ஓடும் திறன் வளர்வதற்கு முன் நிற்கும் திறன் வளர வேண்டும்.

இந்த வரிசையை மாற்றியதன் விளைவை நம் கடலூர் – விருத்தாசலம் சாலையில் ஒவ்வொரு மாலையும் காணலாம். தந்தையார் ஓட்டிய புல்லட்டின் சைலன்சரைக் கழற்றி, இடியோசை எழுப்பும் குழாயைப் பொருத்திக்கொண்டு இளைஞர் பறக்கின்றனர். பிரேக் கட்டைகள் தேய்ந்திருப்பதை எவரும் பார்ப்பதில்லை. அவ்வொலியில் திடுக்கிடுவது சாலையோரம் நடக்கும் முதியவர். தடுமாறுவது சைக்கிளில் வரும் பள்ளிச் சிறுமி. ஸ்போர்ட்ஸ் கார் தன்னை ஓட்டுபவரின் மகிழ்ச்சிக்காகப் பிறந்தது உண்மையே. ஆனால் சாலை அவருக்கு மட்டும் உரியதன்று. நம் மகிழ்ச்சியின் எல்லை, அடுத்தவரின் அச்சம் தொடங்கும் இடத்தில் முடிகிறது.

இனி, மாற்றிக்கொண்டே போனால் எந்தக் கட்டத்தில் அது பழைய கார் அல்லாததாகிறது? கிரேக்க ஞானியர் ஒரு கப்பலை வைத்துக் கேட்ட கேள்வி இது. ஒவ்வொரு பலகையாக மாற்றி, எல்லாப் பலகையும் மாறிய பின் அது அதே கப்பலா? ஞானியர் தீர்க்காததை அரசு அலுவலகம் தீர்க்க வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் வண்டிப் பதிவுத் துறை நெடுங்காலம் மதிப்பெண் முறை ஒன்றைக் கையாண்டது. அடிச்சட்டத்திற்கு 5, சஸ்பென்ஷன், அச்சுகள், கியர் அமைப்பு, ஸ்டீயரிங் ஆகியவற்றிற்குத் தலா 2, எஞ்சினுக்கு வெறும் 1. மொத்தம் 14-இல் 8 பெற்றால் பழைய பதிவெண்ணை வைத்துக்கொள்ளலாம், அடிச்சட்டம் கட்டாயம். உரத்து முழங்கும் எஞ்சினுக்கு ஒரே மதிப்பெண். கண்ணுக்குப் புலப்படாமல் அனைத்தையும் தாங்கும் சட்டத்திற்கு ஐந்து! குடும்பங்களிலும் ஊர்களிலும் இவ்வாறு மதிப்பெண் இட்டுப் பார்த்தால், நாம் யாரைப் போற்றி யாரை மறந்தோம் என்பது விளங்கும்.

நம் நாட்டுச் சட்டம் கண்டிப்பானது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும்படி வண்டியைத் திருத்துவதைத் தடை செய்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019-இல் இதனை வலியுறுத்தியது. 2021-இல் வந்த விதிகள், 50 ஆண்டு கடந்த வண்டிகளைத் தனி எழுத்துகளுடன் மரபு வண்டியாகப் பதிவு செய்ய வழி செய்தன. ஆனால் அடிச்சட்டத்திலோ உடலிலோ எஞ்சினிலோ பெருமாற்றம் செய்த வண்டிக்கு அச்சிறப்பு இல்லை.

மரபு வண்டி என்ற பெயரும் வேண்டும், புதிய எஞ்சினின் வேகமும் வேண்டும் என்று விரும்புவோருக்கு இங்கே ஒரு சோதனை இருக்கிறது. எண்ணைத் தட்டி மாற்றிப் பழையதெனக் காட்டுவதும், மாற்றியதை மறைத்து விற்பதும் ஆசையின் குறுக்கு வழிகள். மாற்றம் பாவமன்று; மறைப்பே குற்றம். இன்ன ஆண்டில் இன்ன பாகத்தை மாற்றினோம் என்று எழுதி வைக்கும் உரிமையாளர், மாறாத வண்டியை வைத்திருப்பவரினும் குறைந்தவர் அல்லர்.

நேர்மையான ஆர்வலரிடம் இன்னொரு நல்ல வழக்கமும் உண்டு. உடலில் புதிய துளை இடாமல், இருக்கும் துளைகளிலேயே புதிய பாகத்தைப் பொருத்துவர். கழற்றிய பழைய பாகத்தைத் துடைத்து, எண்ணெய் பூசி, பெட்டியில் வைப்பர். பின்னால் வருபவர் விரும்பினால் பழைய நிலைக்குத் திருப்பிக்கொள்ளலாம். நம் முடிவே இறுதி முடிவு என்று கருதாத பணிவு அது. ஒரு தலைமுறைக்கு ஒப்படைக்கப்பட்ட பொருளைக் கையாள வேண்டிய முறையும் அதுவே.

எனவே, நமக்குக் கிடைத்த எதையேனும் மாற்ற முற்படும்போது சில வினாக்களை நமக்குள் கேட்டுக்கொள்வோம். இது எதற்காக உண்டானதோ அதற்கு இம்மாற்றம் துணை செய்கிறதா? பழைய சட்டம் இப்புதிய இழுப்பைத் தாங்குமா? விரைவைக் கூட்டுமுன் நிறுத்தும் வலிமையைக் கூட்டினோமா? இதன் விலையை நாமன்றி வேறெவரேனும் கொடுக்க நேருமா? செய்ததை வெளிப்படையாகச் சொல்லத் துணிவு உண்டா? இவற்றிற்கு நேர்மையாக விடை தரக்கூடியவர் தயங்காது ஸ்பேனரைக் கையில் எடுக்கலாம். விடை தர இயலாதவர், அது காராயினும் மரபாயினும், துடைத்து எண்ணெயிட்டு அப்படியே வைத்திருப்பது நன்று. அதைச் செம்மையாகத் திருத்தத் தெரிந்த ஒருவர் நாளை வரக்கூடும்.