யாரிடம் வாங்கிய பேர்?

1

ஒரு வியாழக்கிழமை இரவு, மணி ஒன்றைத் தாண்டியிருக்கும். ஃபைனல் ஃபேண்டசி 14 ஆடிக்கொண்டிருந்தேன். நான்கு பேர் சேர்ந்து இறங்க வேண்டிய டஞ்சன். முன்னால் நின்று அடி வாங்க ஒரு டேங்க், அடித்துத் தள்ள இரண்டு பேர், எல்லாரையும் உயிரோடு வைத்திருக்க ஒரு ஹீலர். ஹீலர் நான். மற்ற மூன்று பேரையும் எனக்குத் தெரியாது. வரிசையில் நின்றவர்களை சர்வர் கோத்துக்கொடுத்தது, அவ்வளவுதான்.

அடிக்கிற இரண்டு பேரில் ஒருவர் புதியவர். பெயருக்குப் பக்கத்தில் பச்சையாக ஒரு முளை இருந்தது. இந்த விளையாட்டில் புதியவருக்கு அதுதான் அடையாளம். தரையில் ஆரஞ்சு நிறத்தில் வட்டம் விழுந்தால் விலகி ஓட வேண்டும் என்பது அவர் கைக்கு இன்னும் பழகவில்லை. கடைசி பாஸிடம் இரண்டு தடவை மொத்தமாகச் செத்தோம். "ஸாரி, முதல் தடவை" என்று ஒரு வரி தட்டினார். யாரும் பதில் சொல்லவில்லை. மூன்றாவது தடவை தொடங்குவதற்கு முன் என் திரையில் சின்னதாக ஒரு ஜன்னல் வந்தது. இவரை வெளியேற்றலாமா? டேங்க் கிளப்பிய ஓட்டெடுப்பு. எனக்குக் காலையில் ஒன்பது மணிக்கு மீட்டிங். 'ஆம்' என்று அழுத்தினேன். அடுத்த நொடி அந்தப் பெயர் பட்டியலில் இல்லை.

இரண்டு நிமிடத்தில் வேறொருவர் வந்தார். பாஸ் விழுந்தது. டஞ்சனை விட்டு வெளியே வந்ததும் ஒரு செய்தி: உங்களுக்கு இரண்டு கமெண்டேஷன் கிடைத்திருக்கிறது. அதாவது கூட ஆடியவர்களில் இரண்டு பேர் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள். 412ஆக இருந்த என் எண்ணிக்கை 414 ஆனது.

அந்த இரண்டை என்ன செய்வது என்பதுதான் என் பிரச்சினை.

2

இந்த விளையாட்டு இப்போதைய வடிவில் 2013 ஆகஸ்டில் வந்தது. கமெண்டேஷன் அதே வருஷம் டிசம்பரில் சேர்ந்தது. விதிகள் எளிமையானவை. ஒரு டஞ்சனை முடித்தால் கூட ஆடிய ஒருவருக்கு, ஒரே ஒருவருக்கு, நீங்கள் ஒரு பாராட்டு கொடுக்கலாம். நீங்களே கூட்டி வந்த நண்பருக்குக் கொடுக்க முடியாது. யார் கொடுத்தது என்று வாங்குபவருக்குத் தெரியாது. ஏன் என்று காரணம் எழுத இடமில்லை. திட்டுவதற்கும் வழியில்லை. கொடுக்கலாம், கொடுக்காமல் இருக்கலாம். எண்ணிக்கை ஏற ஏறப் பட்டங்களும் சவாரிக்கு ஒரு பறவையும் கிடைக்கும். 2016இல் 'மென்டர்' என்ற தகுதி வந்தது. புதியவர்களுக்கு வழிகாட்டுகிறவர் என்று பொருள். சண்டையில் வழிகாட்ட வேண்டுமானால், மற்ற நிபந்தனைகளோடு, 1500 கமெண்டேஷன் வாங்கியிருக்க வேண்டும். வாங்கிவிட்டால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கிரீடம்.

விதிகளைப் படித்தபோது எனக்குப் பிடித்திருந்தது. புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவனுக்கு, ஏமாற்றுகிறவன் எந்தப் பக்கமாக வருவான் என்று யாரோ முன்கூட்டியே உட்கார்ந்து யோசித்திருந்தால் ஒரு சந்தோஷம் வரும். நண்பர்கள் மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொள்வார்கள், அதனால் நண்பருக்குக் கிடையாது. பழிவாங்குவார்கள், அதனால் எதிர்மறை ஓட்டு கிடையாது. கொடுத்தவர் பெயர் தெரிந்தால் பண்டமாற்றாகிவிடும், அதனால் பெயர் கிடையாது.

ஆனால் ஆடிப் பார்த்தால் வேறொன்று தெரியும். ஹீலராகப் போனால் கமெண்டேஷன் சுலபமாக வரும். டேங்காகப் போனாலும் வரும். அடிக்கிற ஆளாகப் போனால் எவ்வளவு நன்றாக அடித்தாலும் பெரும்பாலும் ஒன்றும் வராது. அடிப்பவர்கள் இரண்டு பேர் இருப்பார்கள், யார் எவ்வளவு அடித்தார் என்று விளையாட்டு காட்டாது. ஹீலர் ஒருவர்தான். உயிர் பிழைத்தால் அவரால் பிழைத்தோம் என்று எல்லாருக்கும் தெரியும். நான் நல்லவன் என்பதால் 412 வரவில்லை. கண்ணில் படுகிற இடத்தில் நின்றேன், வந்தது. ஆபீஸிலும் இதேதான். ராத்திரி இரண்டு மணிக்கு சர்வரைத் தூக்கி நிறுத்தியவருக்குக் கைதட்டு. விழாமல் பார்த்துக்கொண்டவர் யாரென்றே யாருக்கும் தெரியாது.

இந்த இடத்தில் வழக்கமாக வரும் கேள்வி, பாராட்டுக்காகச் செய்த உதவி உதவியா என்பது. இம்மானுவேல் கான்ட் 1785இல் எழுதிய அறவியல் நூலில் ஒரு கடைக்காரர் வருவார். விவரம் தெரியாத குழந்தை வந்து நின்றாலும் எல்லாருக்கும் சொல்லும் விலைதான் சொல்வார். கடைக்கு நல்ல பேர் வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்தால் அதில் அறத்தின் மதிப்பு இல்லை என்கிறார் கான்ட். எனக்கு அந்தக் கேள்வியில் பாதி ஆர்வம்தான். கிரீடத்துக்காகப் பொறுமையாக இருக்கிற ஹீலரும் பொறுமையாகத்தான் இருக்கிறார். புதியவருக்கு அது போதும். என்னைத் தொந்தரவு செய்வது நோக்கம் இல்லை, சாட்சி. அன்றைக்கு நான் எப்படிப்பட்டவன் என்று சரியாகத் தெரிந்த ஒரே ஆள் அந்தப் பச்சை முளைக்காரர். அவருக்கு ஓட்டு இல்லை. டஞ்சனை முடிக்காமல் போனவர் யாருக்கும் கமெண்டேஷன் கொடுக்க முடியாது. கொடுத்த இரண்டு பேரும் கடைசிவரை இருந்தவர்கள். ஒருவேளை என்னோடு சேர்ந்து 'ஆம்' அழுத்தியவர்கள்.

நம் பேச்சில் 'நல்ல பேர் வாங்கினான்' என்கிறோம். பேர் என்பது வாங்குவது, அப்படியென்றால் கொடுத்தவர் ஒருவர் இருக்கிறார். 414 என்ற எண்ணில் அந்தக் கொடுத்தவர் இல்லை. அந்தச் சமயத்தில் யார் வெளியே தள்ளப்பட்டார் என்பதும் இல்லை.

3

வெளியே தள்ளப்பட்டவர் கையில் பேனாவைக் கொடுத்துப் பார்த்த விளையாட்டும் உண்டு. 1997இல் வந்த அல்டிமா ஆன்லைன். ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகில் வாழ்ந்த ஆரம்பகால விளையாட்டுகளில் ஒன்று. ஊருக்கு வெளியே கால் வைத்தால் யார் வேண்டுமானாலும் யாரையும் கொல்லலாம், பிணத்தின் மேல் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். சுரங்கத்தில் தாது வெட்டிக்கொண்டிருந்தவர்கள்தான் அதிகம் செத்தார்கள். அடுத்த வருஷமே புதிய ஏற்பாடு வந்தது. நியாயமில்லாமல் கொல்லப்பட்டவர் முன்னால் ஒரு கேள்வி வந்து நிற்கும்: இவரைக் கொலைகாரர் என்று புகார் செய்கிறீர்களா? செத்தவர்தான் முடிவு செய்ய வேண்டும். மன்னிக்கலாம், எழுதலாம். ஐந்து புகார் சேர்ந்தால் கொன்றவரின் பெயர் சிவப்பாகிவிடும். ஊருக்குள் வந்தால் காவலர்கள் வெட்டுவார்கள்.

நீதி என்றால் இதுதானே என்று தோன்றும். ஆனால் ஒரு புகார் மறைய 40 மணி நேரம் விளையாட்டுக்குள் இருந்தால் போதும். எனவே பலர் கொன்றார்கள், பிறகு தங்கள் பாத்திரத்தை ஏதாவது ஒரு மூலையில் நிற்கவைத்துவிட்டுத் தூங்கப் போனார்கள். பாவம் தானாகக் கரைந்தது. வேறு சிலர் நான்கோடு நிறுத்திக்கொண்டு நீலப் பெயரோடு திரிந்தார்கள். நான்கு கொலை செய்தவரும் ஒரு கொலையும் செய்யாதவரும் ஒரே நிறம். கடைசியில் 2000இல் உலகத்தையே இரண்டாகப் பிரித்து, ஒன்றில் சம்மதமில்லாத கொலையே நடக்காதபடி செய்துவிட்டார்கள். பேரைக் கெடுத்து அடக்க முடியாததை மண்ணைப் பிரித்து அடக்கினார்கள்.

2002 டிசம்பரில் வந்த தி சிம்ஸ் ஆன்லைனில் கதை இன்னும் மோசம். அங்கே ஒருவர் இன்னொருவரை நண்பர் என்றும் குறிக்கலாம், எதிரி என்றும் குறிக்கலாம். குறித்தது எல்லாருக்கும் தெரியும். சிவப்புக் குறி நிறைய இருக்கிறவரை யாரும் வீட்டுக்குள் விடமாட்டார்கள். சிலர் கும்பலாகச் சேர்ந்து புதியவர்களிடம் போய் நின்றார்கள். காசு கொடு, இல்லையென்றால் நாங்கள் எல்லாரும் உன்னை எதிரி என்று குறிப்போம். மாஃபியா என்றே அதற்குப் பேர். இணையத்தில் பேர் வாங்கும் ஏற்பாடுகளைப் பற்றி 2010இல் பிரைஸ் கிளாஸோடு சேர்ந்து புத்தகம் எழுதிய ராண்டி ஃபார்மர் இந்தக் கதையை அதில் சொல்கிறார். எல்லாருக்கும் தெரிகிற கெட்ட பேரைக் கொடுக்கும் வசதியை மக்கள் கையில் கொடுக்காதீர்கள் என்பது அவர் அதிலிருந்து எடுத்த பாடம்.

ஆகவே ஃபைனல் ஃபேண்டசியில் பாராட்டு மட்டும் இருப்பதற்கு நல்ல காரணம் உண்டு. பழி சொல்லும் வசதி வந்தால் அதை முதலில் கையில் எடுப்பவர்கள் பலமானவர்கள்தான். கும்பலாக இருப்பவர்கள், நேரம் இருப்பவர்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாராட்டு மட்டும் உள்ள உலகத்தில் அநியாயம் செய்தவருக்கும் யார் கண்ணிலும் படாதவருக்கும் ஒரே கணக்கு: பூஜ்யம். என்னைப் போல, அநியாயம் செய்து கண்ணிலும் பட்டவனுக்கு இரண்டு.

4

வேறு மாதிரியும் செய்ய முடியும். ஈவ் ஆன்லைன் 2003 முதல் ஓடிக்கொண்டிருக்கிற விண்வெளி விளையாட்டு. அதில் நீங்கள் சந்திக்கும் ஒருவரைத் தொடர்புப் பட்டியலில் சேர்த்து, மைனஸ் 10 முதல் பிளஸ் 10 வரை ஒரு மதிப்பு போடலாம். அது உங்கள் பட்டியல். உங்களுக்கு அவர் மைனஸ் 10, எனக்கு அவர் பிளஸ் 5. இரண்டும் உண்மை. இவற்றையெல்லாம் கூட்டி அவர் நெற்றியில் யாரும் ஒட்டுவதில்லை.

புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இது பழகிய வித்தியாசம். ஆளுக்கு ஓர் எண்ணை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் ஒன்று கூட்டுவது ஒரு வழி. யார், யாருக்கு, எப்போது என்று ஒவ்வொரு கோட்டையும் தனியாக வைத்திருப்பது இன்னொரு வழி. முதலாவது சீக்கிரம் முடியும், இடமும் குறைவு. ஆனால் கூட்டியதைத் திரும்பப் பிரிக்க முடியாது. எங்கள் வீட்டு பீரோவில் ஒரு மொய் நோட்டு இருக்கிறது. அம்மா அப்பா கல்யாணத்தது. மொத்தம் எவ்வளவு வந்தது என்பது அன்று ராத்திரி எண்ணிப் பார்க்கத்தான் தேவைப்பட்டிருக்கும். இத்தனை வருஷமாக நோட்டைப் பத்திரமாக வைத்திருப்பது வரிகளுக்காக. எந்த ஊர், யார், எவ்வளவு. திரும்பச் செய்ய வேண்டியது இருக்கிறது. தொகைக்கு யாரும் திரும்பச் செய்ய முடியாது, ஆளுக்குத்தான் செய்ய முடியும்.

மொய் நோட்டிலும் குரூரம் உண்டு, இல்லாமலில்லை. கொஞ்சமாக எழுதியவரை ஊர் மறக்காது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் 2009 டிசம்பர் வரை டஞ்சனுக்குப் பெரும்பாலும் தன் சர்வர் ஆட்களோடுதான் போக வேண்டும். அப்புறம்தான் பல சர்வர்களில் இருந்து ஆட்களைத் தானாகக் கோத்துக்கொடுக்கும் வசதி வந்தது. அதற்கு முன் பொருளைத் திருடிக்கொண்டு ஓடியவர் பேர் அந்த சர்வர் முழுக்கப் பரவும். எண் எதுவும் தேவையில்லை, ஆட்களின் ஞாபகமே போதும். அது ஒரு கிராமம். கிராமத்தில் உண்மை பரவுகிற அதே வேகத்தில் வதந்தியும் பரவும். ஒரு கில்ட் தலைவருக்குப் பிடிக்காமல் போனால் நீங்கள் வேறு சர்வருக்குக் குடிபோக வேண்டியதுதான். அந்தக் காலத்தை நினைத்து ஏங்குகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஊரில் நல்ல பேரோடு இருந்தவர்கள்.

முன்பின் தெரியாத நான்கு பேர் இருபது நிமிஷம் சேர்ந்திருந்துவிட்டு மறுபடி சந்திக்காமலே போகிற இடத்தில், கமெண்டேஷன் மாதிரி ஒன்றுதான் சாத்தியம் போலிருக்கிறது. அதைக் குறை சொல்லி நான் தப்பிக்க முடியாது. 'ஆம்' அழுத்தியது நான்.

5

அவரிடம் ஸாரி சொல்லலாம் என்று இரண்டு நாள் கழித்துத் தோன்றியது. பெயர் ஞாபகம் இல்லை. மந்திரக்கோல் வைத்திருந்தார், முளை இருந்தது, "ஸாரி, முதல் தடவை" என்றார். அவ்வளவுதான் என்னிடம் இருந்தது. அவர் வேறு சர்வராகக்கூட இருந்திருக்கலாம்.

அதன் பிறகு ஒரு பழக்கம் வந்தது. முடிந்ததும் யாருக்குக் கொடுப்பது என்று பார்க்கும்போது அடிக்கிற இரண்டு பேரையும் முதலில் பார்க்கிறேன். யார் செத்தாலும் ஓடி வந்து எழுப்பியவர், புதியவர் பாதை தெரியாமல் நின்றபோது திரும்பிப் போய்க் கூட்டி வந்தவர். அவர்களைக் கவனிக்க ஆட்டத்தின் நடுவிலேயே கண் வைக்க வேண்டியிருக்கிறது. இந்த ஏற்பாட்டால் யாராவது கொஞ்சம் மாறியிருந்தால் அது கொடுக்கும்போது மாறியதுதான், வாங்கும்போது இல்லை என்று நினைக்கிறேன். ஆனால் இதைப் பிராயச்சித்தம் என்று சொல்லிக்கொண்டால் மறுபடி எண்ணத் தொடங்கிவிடுவேன்.

எண்ணிக்கை ஒருநாள் 1500 தாண்டியது. கிரீடம் வாங்கலாம். பர்கர் கடையில் கொடுக்கிற காகிதக் கிரீடம் என்று ஆடுகிறவர்கள் மத்தியில் அதைப் பற்றி ஒரு கேலி உண்டு. கிரீடம் போட்டவர்களில் சிலர் புதியவர்கள்மேல் எரிந்து விழுவதைப் பார்த்து வந்த கேலி. நான் வாங்கவில்லை. வாங்காமல் இருப்பதில் ஒரு ரகசியப் பெருமை இருக்கிறது, அதுவும் தெரிகிறது. 1500 பேர் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள் என்பது பொய்யில்லை. அதில் இரண்டு எப்படி வந்தது என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எண்ணால் செய்ய முடியாத வேலை அது ஒன்றுதான், அதை நான்தான் செய்தாக வேண்டும்.

போன மாதம் மறுபடி அந்த ஜன்னல் வந்தது. இந்த முறை முளை இருந்தது டேங்குக்கு. வழி தெரியாமல் தடுமாறிக்கொண்டிருந்தார். 'இல்லை' அழுத்தினேன். ஓட்டெடுப்பு கிளப்பியவர் ஒன்றும் சொல்லாமல் கிளம்பிப் போனார். இன்னொரு ஆள் வரப் பதினைந்து நிமிடம் காத்திருந்தோம். டேங்க் ஸாரி சொன்னார், "பரவால்ல, டைம் இருக்கு" என்று தட்டினேன். உண்மையில் இல்லை, மறுநாளும் ஒன்பது மணி மீட்டிங் இருந்தது. இன்னும் இரண்டு தடவை செத்தோம். முடிக்க ஒரு மணி நேரம் ஆனது.

வெளியே வந்தேன். செய்தி எதுவும் வரவில்லை.