திருவிழா மேசையில் லெபனான்

ஆஸ்திரேலியப் பள்ளிக்கூடங்களில் ஆண்டுதோறும் மார்ச் 21-ஐ ஒட்டி நல்லிணக்க வாரம் கொண்டாடப்படுகிறது. 1999-இல் தொடங்கிய வழக்கம் இது. பிள்ளைகள் ஆரஞ்சு நிறத்தில் உடுத்தி வருவார்கள். பல பள்ளிகளில் நாட்டுக்கு ஒரு மேசை போடுவார்கள். சிட்னியின் மேற்குப் புறநகர்களான பேங்க்ஸ்டவுன், லக்கெம்பா போன்ற இடங்களில் லெபனானுக்கு ஒரு மேசை அநேகமாக இருக்கும். வண்ணம் தீட்டக் கொடி அச்சிட்ட தாள், ஒரு கிண்ணம் ஹம்மஸ் என்ற கொண்டைக்கடலை மசியல், கைகோத்துத் தரையை மிதித்து ஆட தப்கே இசை. ஆசிரியர்கள் நல்லெண்ணத்தோடுதான் இதையெல்லாம் செய்கிறார்கள். ஆனாலும் அங்கே ஓர் அறக்கேள்வி எழுகிறது. எட்டு வயதுப் பிள்ளைகளின் முன் அரை நாளில் ஒரு மக்களைக் காட்ட முனைகிறவர்கள், அந்த மக்களுக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்கள்?

திருவிழாதானே, பிள்ளைகள் ஆடிப்பாடிவிட்டுப் போகட்டும் என்பது ஒரு பதில். அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. சேர்ந்து உண்டு, சேர்ந்து ஆடிய பிள்ளைக்கு அந்நியர் மேல் இருக்கும் அச்சம் குறைகிறது. அந்த வயதில் அரசியல் பாடம் எடுத்தால் மகிழ்ச்சியும் போய்விடும், பாடமும் ஏறாது. ஆனால் இந்தப் பதில் ஒன்றை மறந்துவிடுகிறது. மேசையில் பார்த்ததைப் பிள்ளைகள் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை, உண்மையென்றே எடுத்துக்கொள்கிறார்கள். லெபனான் மேசைக்குப் பின்னால் மணல்மேடும் ஒட்டகமும் கூடாரமும் வரைந்து வைத்தால் அவர்களுக்கு லெபனான் ஒரு பாலைவனமாகிவிடும். உண்மையில் அந்த நாட்டில் பாலைவனமே கிடையாது. வெறும் 10,452 சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் மத்தியதரைக் கடலும், 3,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த பனிமலையும், பெக்கா சமவெளியின் வயல்களும் இருக்கின்றன. கொடியில் இருக்கும் மரம் தமிழ் விவிலியம் படித்தவர்களுக்குத் தெரிந்த லீபனோனின் கேதுருதான். அது மலைக்குளிரில் வளர்வது. ஆகவே முதல் கடன் மிக எளியது: சுருக்கிச் சொல்லலாம், ஆனால் இல்லாததைச் சொல்லக்கூடாது.

அடுத்த கடன் அவ்வளவு எளிதல்ல. மார்ச் 21 எந்த நாள் என்று பார்க்க வேண்டும். 1960-இல் அன்றுதான் தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில் நகரில், நிறவெறிச் சட்டத்தை எதிர்த்து நின்ற கறுப்பின மக்களில் 69 பேரைக் காவல்துறை சுட்டுக் கொன்றது. ஐக்கிய நாடுகள் அவை அந்த நாளை இனப்பாகுபாட்டு ஒழிப்பு நாளாக அனுசரிக்கிறது. ஆஸ்திரேலியா அதற்கு நல்லிணக்கம் என்று மென்மையான பெயர் சூட்டிக்கொண்டது. அந்த மென்மை லெபனானியர்கள் விஷயத்தில் ஒரு குறிப்பிட்ட நிகழ்வையும் மூடிவிடுகிறது. 2005 டிசம்பர் 11 அன்று சிட்னியின் குரொனல்லா கடற்கரையில் ஏறத்தாழ 5,000 பேர் திரண்டார்கள். அதற்கு முந்தைய வாரம் கடற்கரையில் உயிர்காப்பாளர்கள் சிலர் தாக்கப்பட்டார்கள். பழி லெபனானிய இளைஞர்கள் மேல் விழுந்தது. அந்தக் கோபம், மத்தியக் கிழக்கு முகம் என்று தோன்றிய எவரையும் அடிக்கும் வெறியாக மாறியது. அடுத்த இரவுகளில் பதில் வன்முறையும் நடந்தது. அன்று அங்கிருந்த இளைஞர்கள் பலர் இன்று பெற்றோர்களாகப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வயதில் இருக்கிறார்கள். ஹம்மஸ் பிடித்திருப்பதும், அதைச் செய்தவரை மதிப்பதும் வேறு வேறு. சின்ன வகுப்புகளில் குரொனல்லாவைப் பேச வேண்டியதில்லை. ஆறாம் வகுப்பில் ஒரு வார்த்தை கூடச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

அப்படியானால் போரை என்ன செய்வது? 1975 முதல் 1990 வரை நடந்த உள்நாட்டுப் போர் துரத்தி வந்த குடும்பங்கள்தாம் சிட்னியில் ஏராளம். 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024-இல் இஸ்ரேலின் குண்டுவீச்சில் தென் லெபனான் ஊர்கள் மறுபடியும் காலியாயின. போரைப் பற்றி எல்லாரும் ஏற்கும் வரலாற்றுப் பாடநூலை லெபனானே இன்னும் எழுதி முடிக்கவில்லை. அப்படியிருக்க, சிட்னி ஆசிரியர் ஒருவர் அதை நாற்பது நிமிடத்தில் விளக்கிவிட முடியாது. விளக்கவும் வேண்டாம். அதற்காக, போரே நடக்காத நாடாக அதைக் காட்டுவதும் தவறு. அந்த மேசையைக் கடந்து போகும் லெபனானியக் குழந்தையின் வீட்டில் தினமும் இரவு செய்தி ஓடிக்கொண்டிருக்கும். பாட்டி தொலைபேசியில் ஊர்க்காரர்களைத் தேடிக்கொண்டிருப்பாள். பள்ளி காட்டும் லெபனானும் வீட்டில் கேட்கும் லெபனானும் ஒட்டாமல் போனால், வீட்டில் இருப்பது மறைக்க வேண்டிய ஒன்று என்று அந்தக் குழந்தை எண்ணிவிடக்கூடும்.

பிள்ளைகளின் அளவுக்கு இதைச் சொல்ல நல்ல வழி ஒன்று பெய்ரூட்டிலேயே இருக்கிறது. தேசிய அருங்காட்சியகம் போர்க்காலத்தில் நகரை இரண்டாகப் பிளந்த எல்லைக்கோட்டின் மேலேயே அமைந்திருந்தது. சிறிய பொருள்களை நிலவறையில் வைத்துச் சுவர் எழுப்பி மறைத்தார்கள். தரையில் பதித்திருந்த மொசைக் ஓவியங்களின் மேல் பிளாஸ்டிக் விரித்துச் சிமெண்ட் பூசினார்கள். தூக்க முடியாத கல்சவப்பெட்டிகளைச் சுற்றிக் கான்கிரீட் பெட்டிகளே கட்டிவிட்டார்கள். இதை முன்னின்று செய்தவர் தொல்பொருள் துறைத் தலைவர் மோரிஸ் ஷெஹாப். அருங்காட்சியகம் சிதைந்தது, உள்ளே இருந்தவற்றில் பெரும்பகுதி பிழைத்தது. பத்து வயதுப் பிள்ளைகளிடம் ஒரு களிமண் பொம்மையையும் அட்டையையும் துணியையும் கொடுத்து, இதை வருடக்கணக்கில் எப்படிக் காப்பாற்றுவீர்கள் என்று கேட்கலாம். கேட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்லலாம். போர் நடந்தது என்பது மறைக்கப்படாது. பயங்கரமும் காட்சிப்பொருளாகாது. அந்த மக்கள் தாங்கள் மதித்ததைக் காக்கச் செய்த செயலே முன்னால் நிற்கும்.

யாருடைய பண்பாடு என்ற கேள்வியில்தான் நல்லெண்ணம் அதிகமாகத் தடுக்கி விழுகிறது. லெபனான் அரசு 18 சமயப் பிரிவுகளை அங்கீகரித்திருக்கிறது. மாரனைட் கிறிஸ்தவர், சன்னி, ஷியா முஸ்லிம்கள், துரூசியர் என்று நீளும் அந்தப் பட்டியலில், அப்பாவி போலத் தெரியும் ஒரு செயல்பாடு கூட ஒரு பக்கம் சாய்ந்துவிடலாம். பண்டைய பீனிசியரின் 22 எழுத்துகளில் பெயர் எழுதச் சொல்வது பிள்ளைகளுக்குப் பிடித்த வேலை. பீனிசிய மன்னன் அகீராமின் கல்சவப்பெட்டியில் அந்த எழுத்தைப் பெய்ரூட்டில் இன்றும் பார்க்கலாம். ஆனால் லெபனானியர்கள் பீனிசியர்கள் என்று ஆசிரியர் சொல்லிவிட்டால், அவர்கள் அரபியரா பீனிசியரா என்று பல பத்தாண்டுகளாக நடக்கும் சண்டையில் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டார் என்று பொருள். அந்தக் கரையோரத்தில் முன்பு வாழ்ந்தவர்களின் எழுத்து இது என்பதோடு நிறுத்திக்கொண்டால் போதும்.

உணவிலும் இதே கவனம் வேண்டும். 2010-இல் லெபனானில் 10,452 கிலோ ஹம்மஸ் கிண்டி உலக சாதனை படைத்தார்கள். நாட்டின் பரப்பளவும் அதே எண்தான் என்பது தற்செயலல்ல. இஸ்ரேலோடு அந்த உணவின் உரிமைக்காக நடந்த போட்டியில் எழுந்த எண் அது. பாலஸ்தீனியரும் சிரியரும் அதே ஹம்மஸை உண்கிறார்கள், அதே தப்கே ஆடுகிறார்கள். பக்கத்து மேசையில் பாலஸ்தீனியப் பிள்ளை இருக்கையில், இவை லெபனானுடையவை என்று எழுதி ஒட்டுவது யாருக்கும் நன்மை செய்யாது. இவற்றை விட மாமூல் என்ற பலகாரம் பொருத்தமானது. ரவை மாவுக்குள் பேரீச்சம்பழப் பூரணம் வைத்து, பூவேலை செதுக்கிய மர அச்சில் அழுத்தித் தட்டி எடுக்கும் இனிப்பு. அதைக் கிறிஸ்தவர் ஈஸ்டருக்கும் முஸ்லிம்கள் ஈகைப் பெருநாளுக்கும் செய்கிறார்கள். அண்டை நாடுகளிலும் செய்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். கொட்டையும் எள்ளும் ஒவ்வாத பிள்ளைகள் இருப்பார்கள், கவனம் தேவை. 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் மார்ச் 21 ரமலான் நோன்புக்குள் வந்தது, கிறிஸ்தவர்களின் தவக்காலத்துக்குள்ளும் வந்தது. நோன்பிருக்கும் பிள்ளைகளின் கண்முன் உணவு மேசை போடுவதை விட, செய்ததைப் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது மேல்.

இவை எல்லாவற்றையும் விடக் கனமான கேள்வி, லெபனானியப் பிள்ளையைப் பற்றியது. உன் நாட்டைப் பற்றிச் சொல் என்று வகுப்பின் முன் நிறுத்தப்படும் பிள்ளை, பேங்க்ஸ்டவுனில் பிறந்து பெய்ரூட்டைப் பார்த்திராத பிள்ளையாக இருக்கலாம். பெருமையோடு முன்வரும் பிள்ளைகளும் உண்டு, அவர்களைத் தடுக்கக்கூடாது. ஆனால் ஒதுங்கி நிற்கும் உரிமையும் அதே அளவு மதிக்கப்பட வேண்டும். அதே நகரில் வாழும் ஈழத்தமிழ்க் குடும்பங்கள் இதை நன்கு அறியும். அங்கேயும் பிள்ளைகள் பார்த்திராத ஊருக்காகவும், பெற்றோர் பேச விரும்பாத போருக்காகவும் பதில் சொல்ல வைக்கப்படுகிறார்கள். பெற்றோரைக் கேட்டுத் திட்டமிடுவது சரியானதே. கேட்பது என்ற பேரில் வேலை முழுவதையும் அவர்கள் தலையில் கட்டுவது சரியல்ல. லெபனானில் மார்ச் 21 அன்னையர் நாளும் ஆகும். அன்று தட்டு நிறையத் தபூலே என்ற பார்ஸ்லி சாலட் செய்து கொண்டுவரும்படி தாய்மாருக்குக் கடிதம் அனுப்பாதீர்கள். அவர்களை விருந்தினராக அழையுங்கள், வர முடியாது என்றால் காரணம் கேட்காதீர்கள். பார்ஸ்லியைப் பிள்ளைகளே ஆய்ந்து நறுக்கட்டும்.