தாங்குவது

போன டிசம்பரில் என் முதல் மாரத்தானை ஓடி முடித்தேன். 42.195 கிலோமீட்டர், ஐந்து மணி பதினொரு நிமிடம். பதக்கத்தோடு எடுத்த படத்தை வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அத்தைகள் கைதட்டல் பொம்மைகளை வரிசையாக அனுப்பினார்கள். அப்பா மட்டும் பயிற்சி தொடங்கிய நாளிலிருந்து கேட்டுவரும் கேள்வியை மறுபடி கேட்டார்: "சம்பளம் இல்லாம எதுக்குடா இப்படி வேர்த்துக் கொட்டுற?" முப்பது வருஷம் கப்பல் பட்டறையில் வேலை செய்தவர். வேர்வைக்குக் கணக்கு வைத்திருக்கிறார்.

அந்தப் படத்தில் இல்லாத ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முப்பத்தோராவது கிலோமீட்டர். ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா. காலை எட்டேகால் இருக்கும். பாதையோரத் திட்டில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதுக்கு மேல். தலையைக் குனிந்து தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு கட்டப் போகிறவர் மாதிரி கை நீண்டிருந்தது, ஆனால் கட்டவில்லை. நான் வேகத்தைக் குறைத்து "ஓகேவா?" என்று கேட்டேன். தலையை நிமிர்த்தாமலே கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். நான் ஓடிவிட்டேன்.

அடுத்த தண்ணீர்ப் பந்தல் ஒரு கிலோமீட்டருக்குள் வந்தது. அங்கே தொண்டூழியர்கள் இருந்தார்கள். "பின்னாடி ஒருத்தர் உட்கார்ந்திருக்கார், பாருங்க" என்று சொல்ல ஐந்து விநாடி போதும். நான் இரண்டு கோப்பை தண்ணீர் குடித்தேன், ஒன்றைத் தலையில் ஊற்றினேன், போய்விட்டேன். மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். நினைவிருந்தது. நின்றால் கால் மறுபடி ஓடாது என்ற பயம்தான்.

இதைப் பெரிய குற்றமாக நான் நினைக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒரு கேள்வி விடாமல் இருக்கிறது. ஏழு மாதப் பயிற்சியில் நான் உண்மையில் எதைக் கற்றுக்கொண்டேன்?

*

இந்த ஊரில் ஓடுவது என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஓடும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய கால் பங்குதான் நம்மை முன்னால் நகர்த்துகிறது. மிச்சம் முக்கால் பங்கும் சூடு. அந்தச் சூட்டை வெளியேற்ற உடம்புக்கு இருக்கும் முக்கியமான வழி வேர்வை. ஆனால் வேர்ப்பதால் மட்டும் உடம்பு குளிராது. வேர்வை ஆவியாக வேண்டும். ஒரு லிட்டர் வேர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். சொட்டிக் கீழே விழுந்தால் அதில் பெரும்பகுதி வீண்.

சிங்கப்பூரில் விடிகாலையில் ஈரப்பதம் பெரும்பாலும் 90 சதவீதத்தைத் தாண்டியிருக்கும். காற்றில் ஏற்கெனவே தண்ணீர் நிறைந்திருப்பதால் நம் வேர்வைக்கு அங்கே இடமில்லை. சூரியன் ஏறினால் ஈரப்பதம் இறங்கும், ஆனால் வெயில் ஏறும். ஆக நல்ல நேரம் என்று ஒன்று கிடையாது. இருக்கிற இரண்டு கெட்ட நேரங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறோம்.

1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மாரத்தானில் பிரான்சிஸ்கோ லாசரோ என்ற போர்ச்சுகீசிய வீரர் பாதி வழிக்கு மேல் விழுந்தார், மறுநாள் இறந்துபோனார். வெயிலுக்குப் பாதுகாப்பு என்று உடம்பில் மெழுகு பூசிக்கொண்டு ஓடினார் என்றும் அது வேர்வையை அடைத்துவிட்டது என்றும் சொல்வார்கள். எங்கள் ஊரில் அந்த மெழுகைக் காற்றே பூசிவிடும்.

2019 செப்டம்பரில் டோஹாவில் உலகத் தடகளப் போட்டி நடந்தது. பெண்கள் மாரத்தானை வெயிலுக்குப் பயந்து நள்ளிரவில் வைத்தார்கள். அப்போதும் வெப்பம் 30 டிகிரிக்கு மேல். 68 பேர் கிளம்பினார்கள், 40 பேர்தான் முடித்தார்கள். மற்ற 28 பேரும் அவரவர் நாட்டின் மிகச் சிறந்த ஓட்டக்காரர்கள். அவர்களுக்கு மனவுறுதி போதவில்லை என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். ஆவியாதல் ஓர் இயற்பியல் கணக்கு. அந்தச் சமன்பாட்டில் மனவுறுதி என்று ஒரு உறுப்பு இல்லை.

ஆனால் எங்கள் ஓட்டக் குழுவில் நாங்கள் பேசியதெல்லாம் மனவுறுதி பற்றித்தான். வலி தற்காலிகம், உடம்பு பொய் சொல்லும், மனசு ஜெயிக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை நாலரைக்கு எழுந்து ஓடும்போது இந்த வாக்கியங்கள் உதவத்தான் செய்தன. உடம்பு முணுமுணுக்கும். அதற்குப் பதில் சொல்லாமல் இருக்கப் பழகினேன். பழகப் பழக முணுமுணுப்பு கேட்பதே குறைந்தது. இதைத்தான் எல்லாரும் தாங்கும் சக்தி என்று பாராட்டினார்கள்.

*

நான் கட்டுமானத் துறையில் சைட் எஞ்சினியர். மாரத்தானுக்கு ஆறு வாரம் முன்பு, ஒரு திங்கட்கிழமை மதியம். மறுநாள் காலை ஏழு மணிக்குக் கான்கிரீட். அதற்குள் தளத்துக்குக் கம்பி கட்டி முடித்து இன்ஸ்பெக்‌ஷனும் முடிந்திருக்க வேண்டும். மூன்று மணிக்குக் கம்பி கட்டும் குழுவிலிருந்த ஓர் அண்ணன் என்னிடம் வந்தார். சிவகங்கைப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர்.

"சார், தலை ஒரு மாதிரி இருக்கு. ஒரு பத்து நிமிசம் உக்காந்துட்டு வரட்டா?"

எங்கள் சைட்டில் வெப்ப அழுத்த மீட்டர் இருக்கிறது. வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று நான்கையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டும் கருவி. 2023 அக்டோபரில் மனிதவள அமைச்சு அறிவித்த விதிப்படி அந்த எண் 32ஐத் தொட்டால் கடுமையான உடலுழைப்பு செய்கிறவர்களுக்கு மணிக்குக் குறைந்தது பத்து நிமிடம் ஓய்வு தர வேண்டும். 33 ஆனால் பதினைந்து நிமிடம். அன்று மூன்று மணிக்கு மீட்டர் காட்டியது 31.7.

"இன்னும் ஒரு மணி நேரம்தான்ணே. கொஞ்சம் தாங்குங்க" என்றேன்.

"சரி சார்" என்று போய்விட்டார்.

அப்போது என் மனதில் என்ன ஓடியது என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முந்தின நாள் நான் 28 கிலோமீட்டர் ஓடியிருந்தேன். கடைசி எட்டு கிலோமீட்டர் தலை 'ஒரு மாதிரி'தான் இருந்தது. நான் தாங்கவில்லையா?

அவர் ஐந்து மணி வரை வேலை செய்தார். லாரியில் ஏறும்போது இரண்டு காலும் இழுத்துக்கொண்டு, நண்பர்கள் தூக்கித்தான் ஏற்றினார்களாம். இரண்டு நாள் எம்சி. மூன்றாம் நாள் வந்தார். வழக்கம்போல "குட் மார்னிங் சார்" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

என் 28 கிலோமீட்டரையும் அவருடைய அந்த இரண்டு மணி நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது மாரத்தானுக்குப் பிறகுதான். நான் போட்டிருந்தது கையில்லாத மெல்லிய சட்டை. அவர் முழுக்கைச் சட்டை, ஹெல்மெட், பூட்ஸ், கையுறை. நான் ஓடிய பிறகு குளிர்சாதன அறையில் மூன்று மணி நேரம் தூங்கினேன். எல்லாவற்றையும்விட, நான் எந்த நிமிடத்திலும் நின்றிருக்கலாம். நின்றிருந்தால் என் அகங்காரத்துக்குக் கொஞ்சம் அடி, அவ்வளவுதான். நின்றால் என்ன ஆகும் என்பதற்கு அவரிடம் வேறு கணக்கு இருந்திருக்கும். ஊரில் வாங்கிய கடனும் அதில் வரும், என் முகமும் வரும்.

*

இதை என்னோடு ஓடும் தோழியிடம் சொன்னேன். சைட் விஷயத்தில் நான் செய்தது தப்பு என்று உடனே ஒத்துக்கொண்டாள். மாரத்தான் விஷயத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. "அவர் குழந்தை இல்ல. காசு கட்டிப் பதிஞ்சு, தெரிஞ்சுதான் வந்தார். நீ கேட்ட, அவர் ஓகேன்னார். ஒருத்தர் சொல்றத நம்புறதுதானே மரியாதை? நீ டாக்டர் மாதிரி போய் நின்னா அதுதான் அவர அவமதிக்கிறது."

நல்ல வாதம். பல நாள் யோசித்தேன். பொதுவாக அவள் சொல்வது சரிதான் என்றே இன்றும் நினைக்கிறேன். ஒருவர் தன் உடம்பைப் பற்றிச் சொல்வதை நம்பாமல் இருக்க நமக்கு வலுவான காரணம் வேண்டும்.

வெப்பம் அப்படியொரு காரணம். வெப்பத் தாக்குதலின் கொடுமை என்னவென்றால் அது மூளையையும் சேர்த்துக் குழப்பிவிடுகிறது. உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும்போது பேச்சு குழறும், எங்கே இருக்கிறோம் என்பது தெரியாமல் போகும். தனக்கு என்ன ஆகிறது என்று தீர்ப்புச் சொல்ல வேண்டிய உறுப்பே பழுதாகியிருக்கும். தேசிய சேவையில் இதற்காகத்தான் 'படி' முறை வைத்திருந்தார்கள். நீ உன்னைக் கவனித்தால் போதாது, பக்கத்தில் இருப்பவனைக் கவனி. அவன் "ஐ'ம் ஓகே" என்பதோடு விட்டுவிடாதே, முகத்தைப் பார், நடையைப் பார். பத்தொன்பது வயதில் அதைக் கேலி செய்துகொண்டே கற்றேன். இப்போது சைட்டில் காலைக் கூட்டத்தில் தமிழில் நானே அதைச் சொல்லிக்கொடுக்கிறேன். ஷூ கயிற்றை நோக்கிக் கை நீட்டி அப்படியே நின்றுவிட்ட ஒருவரைப் பார்த்தபோது என்ன செய்ய வேண்டும் என்று தெரியாதவன் இல்லை நான்.

ஆக என் முன்னால் இரண்டு 'சரி'கள் இருக்கின்றன. உயர்த்திய கட்டை விரல் ஒன்று, "சரி சார்" ஒன்று. முதலாவதைச் சூடு கெடுத்திருக்கலாம். இரண்டாவதைச் சம்பளம் கெடுத்திருந்தது. இரண்டையும் நான் அப்படியே வாங்கிக்கொண்டேன். இரண்டும் எனக்கு வசதியாக இருந்தன. ஒன்றை நம்பினால் என் ஓட்டம் தடைபடாது. இன்னொன்றை நம்பினால் என் கான்கிரீட் தடைபடாது. அவர்கள் வேறு பதில் சொல்லியிருந்தால் இவ்வளவு சுலபமாக நம்பியிருப்பேனா? அந்த அண்ணன் "முடியல" என்பதைத்தானே முதலில் சொன்னார். அதை நான் நம்பவில்லையே.

தோழி சொன்ன மரியாதை இங்கேதான் எனக்கு இடிக்கிறது. ஒருவருடைய "முடியும்" என்பதை மட்டும் நம்பிவிட்டு "முடியல" என்பதைச் சந்தேகித்தால் அதற்கு மரியாதை என்று பெயர் வைக்க முடியாது.

*

தாங்குவது என்ற சொல்லை வேலையில் தினமும் பயன்படுத்துகிறேன். இந்தத் தூண் எவ்வளவு தாங்கும், இந்த உத்தரம் எவ்வளவு தாங்கும். கணக்குப் போடும்போது கான்கிரீட்டின் வலிமையை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டோம். 1.5ஆல் வகுத்துத்தான் எடுப்போம். வரப்போகும் பாரத்தை உள்ளதைவிடக் கூட்டி வைத்துக்கொள்வோம். கல்லையும் இரும்பையும்கூட முழுதாக நம்பாமல் இவ்வளவு இடம் விடுகிறோம். மனிதர் விஷயத்தில் வகுப்பதற்குப் பதில் பெருக்கிவிடுகிறோம்.

தமிழில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருக்கிறது. வலியைத் தாங்குவது ஒன்று. விழுகிறவரைத் தாங்குவது இன்னொன்று. நான் ஏழு மாதம் முதலாவதை மட்டும் பயிற்சி செய்தேன். இரண்டாவது தானாக வந்துவிடும் என்று நினைத்தேனோ என்னவோ. வரவில்லை. என் உடம்பின் முணுமுணுப்பைக் கேட்காமல் இருக்கப் பழகிய காது, மற்றவர் முணுமுணுப்பையும் கேட்காமல் பழகிவிட்டது.

இதனால் ஓடுவதை நிறுத்தப் போவதில்லை. எனக்கு ஓட்டம் பிடிக்கும். விடிவதற்கு முன் காலாங் ஆற்றோரம் ஓடும்போது கிடைக்கும் அமைதி வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை. தானாக எடுத்துக்கொள்ளும் கஷ்டம் போலியானது என்றும் நினைக்கவில்லை. நான் எவ்வளவு தாங்குவேன் என்று அது எனக்குச் சொல்கிறது. என்னைப் பற்றி மட்டும்தான் சொல்கிறது. அதை அளவுகோலாக எடுத்துக்கொண்டு இன்னொருவரிடம் போனால் அப்பாவின் கேள்விக்கு எனக்கு முகமில்லை.

இந்த ஆண்டும் பதிந்திருக்கிறேன். யாராவது உட்கார்ந்திருந்தால் நிற்பேன். பெயர் என்ன, எத்தனையாவது கிலோமீட்டர் என்று கேட்பேன். பதில் தடுமாறினால் உதவி வரும்வரை நகரமாட்டேன். சைட்டில் "தலை ஒரு மாதிரி இருக்கு" என்று யாராவது வந்தால் மீட்டரைப் பார்ப்பதற்கு முன் உட்காரச் சொல்கிறேன். சிவகங்கை அண்ணனிடம் போன மாதம்தான் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் விடுங்க சார்" என்றார். அதுவும் எனக்கு வசதியான பதில்தான் என்பதால் எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பூங்காவில் உட்கார்ந்திருந்தவரின் எண் பட்டையில் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும் எனக்கு நினைவிருக்கின்றன. முடிவுகள் பட்டியலில் அந்த இரண்டு இலக்கங்களில் முடியும் எண்களைத் தேடிப் பார்த்தேன். நிறைய இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு நேரே ஓடி முடித்த நேரம் இருக்கிறது. சிலவற்றுக்கு நேரே ஒன்றுமில்லை.